விலக்கல் விதியில் ஒரு வரி: கடுமையான மனநோயும் புற்றுநோய் ஆய்வும்

புற்றுநோய் மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுத்திட்டங்களில் இரண்டு பட்டியல்கள் இருக்கும். ஒன்று யாரைச் சேர்க்கலாம் என்பது. மற்றது யாரைச் சேர்க்கக் கூடாது என்பது. இரண்டாம் பட்டியலில், கட்டுப்படாத தொற்று, இதயச் செயலிழப்பு, சீரற்ற இதயத்துடிப்பு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக, 'ஆய்வின் தேவைகளுக்கு ஒத்துழைப்பதைக் குறைக்கக்கூடிய மனநோய் அல்லது சமூகச் சூழல்' என்று பொருள்படும் ஒரு வரியைப் பலவற்றில் காணலாம். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் மாதிரி ஆய்வுத்திட்டத்தில் இடம்பெற்ற இந்த வரி, உலகெங்கும் படியெடுக்கப்பட்டு வருகிறது. படியெடுப்பவர்களில் எத்தனை பேர் அதை நின்று படிக்கிறார்கள் என்பது ஐயமே.

மொழியியல் படித்தவர் என்ற முறையில் இந்த வரியை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். இதில் எழுவாய் இல்லை. ஒத்துழைப்பு குறையும் என்று தீர்மானிப்பவர் யார்? எதை வைத்து? எப்போது? வரி மௌனம் சாதிக்கிறது. தமிழுக்கு வரும்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. 'ஒத்துழைப்பைக் குறைக்கும் மனநோய்' என்று மொழிபெயர்த்தால், அது இரு பொருள் தரும். மனநோய்களுள் ஒத்துழைப்பைக் குறைப்பவை மட்டும் என்று கொள்ளலாம். மனநோய் என்றாலே ஒத்துழைப்பைக் குறைப்பது என்றும் கொள்ளலாம். நம் பெயரெச்சம் இவ்விரண்டையும் வடிவத்தில் வேறுபடுத்துவதில்லை. முதுகலை நாட்களில் ஆய்வு ஆவணங்களை மொழிபெயர்க்கும் பணியில் சிறிது காலம் ஈடுபட்டிருந்தேன். ஒரு நிறுவனத்திற்காகச் சரிபார்த்த படிவத்தில் அந்தப் பெயரெச்சமும் மறைந்து, 'மனநோய் உள்ளவர்கள் பங்கேற்க இயலாது' என்ற நான்கு சொற்களே மிஞ்சியிருந்தன. ஒரு நிபந்தனை, இரண்டே படிகளில் ஒரு தடையாகிவிட்டது.

இந்தத் தடையைப் பாதுகாப்பு என்று நாம் அழைத்துக்கொள்கிறோம். அது பாதுகாப்பு அன்று என்பதே இப்பதிவின் வாதம். கடுமையான மனநோயுடன் வாழ்வோரை ஆய்விலிருந்து விலக்கி வைப்பதன் விலையை அவர்களே செலுத்துகிறார்கள். பெரும்பாலும் உயிரால் செலுத்துகிறார்கள்.

*

முதலில் அறிந்த உண்மைகள். மனச்சிதைவு நோய், இருதுருவ மனநிலைக் கோளாறு போன்ற கடுமையான மனநோய்களுடன் வாழ்வோர், பிறரைக் காட்டிலும் 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லி வருகிறது. இவ்விறப்புகளுக்குத் தற்கொலையே முதன்மைக் காரணம் என்று பலரும் எண்ணுகிறோம். உண்மையில் பெரும்பகுதி இதயநோய், நுரையீரல் நோய், புற்றுநோய் முதலிய உடல்நோய்களால் நேர்வது.

புற்றுநோயில் ஒரு முரண் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் மனநலப் பதிவேடுகளையும் புற்றுநோய்ப் பதிவேடுகளையும் இணைத்து ஸ்டீவ் கைஸ்லியும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு அதைத் தெளிவாகக் காட்டியது. மனநல சிகிச்சை பெற்றவர்களுக்குப் புற்றுநோய் வரும் விகிதம் பிறரைவிட அதிகமாக இல்லை. இறக்கும் விகிதமோ அதிகம். கண்டறியும்போதே நோய் பிற உறுப்புகளுக்குப் பரவியிருப்பது அவர்களிடம் கூடுதலாக இருந்தது. அறுவை சிகிச்சை பெறும் வாய்ப்பு குறைவாக இருந்தது. மருத்துவ வசதி நிறைந்த, அரசே செலவை ஏற்கும் ஒரு நாட்டின் நிலை இது.

2020இல் மார்கோ சொல்மி குழுவினர் பல நாடுகளின் ஆய்வுகளை ஒருங்கே தொகுத்துப் பார்த்தபோது, மனநோயுள்ளோர் புற்றுநோய்க்கான முன்கூட்டிய பரிசோதனை பெறும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. ஆக, நோய் வருவது சமமாக, கண்டறிவது தாமதமாக, சிகிச்சை குறைவாக, இறப்பு அதிகமாக என்று ஒரு சங்கிலி உருவாகிறது. உயிரியலைவிட நம் நடைமுறைகளே அதன் கண்ணிகளை அதிகம் இணைத்திருக்கின்றன.

*

அச்சங்கிலியின் ஒரு கண்ணி மொழி. என் துறைக்கு நெருக்கமானது என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

வலியை யாரும் நேரடியாகச் சொல்ல முடிவதில்லை. உருவகத்தின் துணையோடுதான் சொல்கிறோம். தமிழில் வலி குத்தும், குடையும், எரியும், பிசையும், சுண்டி இழுக்கும், விண்விண் என்று தெறிக்கும். 'வயிற்றுக்குள் என்னவோ ஊர்கிற மாதிரி இருக்கிறது' என்று நான் சொன்னால், மருத்துவர் அடிவயிற்றை அழுத்திப் பார்ப்பார். ஸ்கேன் எடுக்கச் சொல்வார். அதே வாக்கியத்தை மனச்சிதைவு நோய்க்கு மருந்து எடுத்துக்கொள்ளும் ஒரு பெண் சொன்னால், 'ஊர்கிறது' என்ற வினை உருவகமாகக் கேட்கப்படாது. அறிகுறியாகக் கேட்கப்படும். மனநல மருந்தின் அளவு கூட்டப்படும். உடல்நோயின் குறிகளை மனநோயின் கணக்கில் எழுதிவிடும் இப்போக்கை மருத்துவ இலக்கியம் நோயறிதலின் மீது விழும் நிழல் என்ற பொருளில் குறிப்பிடுகிறது. ஒருவரின் பேச்சுக்கு உருவகம் ஆளும் உரிமை மறுக்கப்படும் இடத்தில்தான் அந்த நிழல் தொடங்குகிறது என்று நான் சொல்வேன்.

மொழியே வேறாக இருந்தால் நிழல் இன்னும் அடர்த்தியாகிறது. மனநோயுற்று வீட்டை விட்டுக் கிளம்பி, இரயிலேறி, மொழி தெரியாத மாநிலத்தில் இறங்கி அலைவோர் இந்தியாவில் பலர். மகாராஷ்டிரத்தின் கர்ஜத்தில் ஷ்ரத்தா மறுவாழ்வு அமைப்பை நடத்திவரும் மருத்துவர் பரத் வாட்வானி, அத்தகையோருக்குச் சிகிச்சையளித்து, நாட்டின் பல மூலைகளிலுள்ள அவர்களுடைய வீடுகளுக்குக் கொண்டு சேர்க்கும் பணிக்காக 2018இல் மகசேசே விருது பெற்றார். தமிழ் மட்டுமே அறிந்த ஒரு பெண் மராத்தி பேசும் ஒரு மனநலக் கூடத்தில் இருப்பதாக எண்ணிப் பாருங்கள். தன் மார்பில் ஒரு கட்டி இருப்பதை அவர் யாரிடம், எந்தச் சொல்லால் சொல்வார்? உடலின் அந்தரங்க உறுப்புகளுக்குத் தாய்மொழியிலேயே நாம் சுற்றிவளைத்துத்தான் பேசுகிறோம். அந்தச் சுற்றுப்பேச்சு புரியாத இடத்தில் கட்டி வளர்ந்துகொண்டே போகும்.

*

இனி, இந்தியாவின் ஆய்வுகளுக்கு வருவோம். கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பில் உலகம் திரும்பிப் பார்த்த இரு பெரும் ஆய்வுகள் நம் மண்ணில் நடந்தவை. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களிடம், அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய பரிசோதனை சோதிக்கப்பட்டது. அது அந்நோயால் நேரும் இறப்பை 35 விழுக்காடு குறைத்தது என்று 2007இல் முடிவு வெளியானது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில், இன்றைய தாராசிவில், 52 கிராமத் தொகுதிகளில் 1,31,746 பெண்களை நான்கு குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வு, ஒரே ஒரு முறை எச்பிவி வைரஸ் பரிசோதனை செய்தாலே இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்று 2009இல் காட்டியது. பரிசோதனை தரப்படாத ஒப்பீட்டுக் குழுக்களைப் பற்றிய அறநெறி விவாதம் தனியே உண்டு. இங்கு அதற்குள் போகவில்லை.

உஸ்மானாபாத் ஆய்வின் சுருக்கத்தில் அப்பெண்கள் 'உடல்நலமுள்ள பெண்கள்' என்ற பொருள்படும் சொல்லால் குறிக்கப்படுகிறார்கள். யாரையும் வேண்டுமென்றே ஒதுக்கினார்கள் என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. புற்றுநோய் இல்லாதவர் என்பதே அங்கு அச்சொல்லின் நோக்கமாக இருக்கலாம். நான் கேட்பது வேறு: களப்பணியாளர் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பெண்களின் பெயர்களைப் பதியும்போது, உள்ளறையில் இருக்கும் மகளின் பெயரை அந்த வீடு சொல்லுமா? மனநல மருத்துவமனையில் பல ஆண்டுகளாகத் தங்கிவிட்ட பெண்ணுக்கு எந்த வீட்டுப் பட்டியலில் இடம்? வீட்டை அலகாகக் கொண்ட எந்தக் கணக்கெடுப்பும் வீடற்றவரை எண்ணாது. அது ஆய்வாளரின் தீய எண்ணத்தால் நேர்வதன்று. அலகைத் தேர்ந்தெடுத்த கணத்திலேயே நேர்ந்துவிடுவது.

வீடற்றுப்போன இவர்கள் எத்தனை பேர்? நாட்டின் 43 அரசு மனநல மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வு, அங்கிருந்தவர்களில் 36.25 விழுக்காட்டினர் ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியிருப்பவர்கள் என்றது. நான் வசிக்கும் சாங்வியிலிருந்து பார்த்தால் இது தொலைவில் உள்ள செய்தி அன்று. சாங்வி பாட்டாவை ஒட்டி ஔந்த் மாவட்ட மருத்துவமனை இருக்கிறது. நகரின் மறுகோடியில், எரவாடாவில், மண்டல மனநல மருத்துவமனை இருக்கிறது. அது நாட்டின் மிகப் பெரிய மனநல மருத்துவமனைகளுள் ஒன்று. சென்னையில் 1794இல் வேர்கொண்ட கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும், 1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் உருவான அடையாறு புற்றுநோய் நிலையமும் ஒரே நகரில் இருக்கின்றன. இரு கதவுகளும் ஒரே நகரில் இருப்பதாலேயே ஒரு கதவிலிருந்து மற்றொன்றுக்கு வழி இருக்கிறது என்றாகிவிடாது. அந்த வழியை யாராவது நடந்து அளந்து, எழுதி வைக்க வேண்டும். அதைத்தான் ஆய்வு என்கிறோம்.

பொதுநிலையே நம்மிடம் மெலிந்து கிடக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் 1.9 விழுக்காடு. தமிழ்நாட்டில் 9.8. ஒட்டுமொத்தமாகவே இவ்வளவுதான் என்றால், 'மனநோய் உள்ளவர்களுக்கு எத்தனை?' என்று கேட்பது ஆடம்பரம் என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு திட்டம் விரியத் தொடங்கும் காலத்தில்தான் யாரை எண்ணுவது என்பதும் முடிவாகிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கே செல்கிறது. வாசல் இல்லாதவரைத் தேடுவதற்கான வழியை இப்போதே சேர்க்காவிட்டால், பிறகு சேர்ப்பது கடினம்.

*

மறுதரப்பின் அச்சத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. அது வரலாற்றிலிருந்து வந்த அச்சம்.

1963இல் நியூயார்க்கின் புரூக்ளினில், யூத நாட்பட்ட நோய் மருத்துவமனையில், நலிந்து கிடந்த 22 நோயாளிகளின் உடலில் உயிருள்ள புற்றுநோய்ச் செல்களை மருத்துவர் செஸ்டர் சவுத்தம் குழுவினர் செலுத்தினார்கள். செலுத்தப்படுவது புற்றுநோய்ச் செல் என்று அவர்களிடம் சொல்லப்படவில்லை. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் 1999–2000இல் வாய்ப்புற்றுநோயாளிகள் மீது, அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவருடன் இணைந்து ஒரு வேதிப்பொருள் சோதிக்கப்பட்டது. அதில் முறையான ஒப்புதல் பெறப்படவில்லை என்பது பின்னர் பெரும் சர்ச்சையாயிற்று.

புனேக்கும் தன் பங்கு உண்டு. 1994 பிப்ரவரியில், ஷிரூரில் அரசு நடத்திய இல்லத்தில் இருந்த அறிவுசார் குறைபாடுள்ள இளம்பெண்கள் பலருக்கு, சசூன் பொது மருத்துவமனையில் கருப்பை அகற்றப்பட்டது. மாதவிடாய்க் காலத் தூய்மையைப் பேணுவது கடினம் என்பதே சொல்லப்பட்ட காரணம். பெண்கள் அமைப்புகள் போராடிய பின்பே அது நின்றது. அறிவுசார் குறைபாடும் மனநோயும் வெவ்வேறு; அவற்றை ஒன்றாக்குவது பிழை. ஆனால், பேச்சு எடுபடாதவர் என்று முத்திரை குத்தப்பட்டவரின் உடல் மீது பிறர் எவ்வளவு எளிதாக முடிவெடுக்கிறார்கள் என்பதற்கு இது சான்று. கருப்பையை அகற்றும் அளவுக்கு அவர்கள் மருத்துவத்தின் கண்ணுக்குத் தெரிந்தார்கள். அதே கருப்பையின் வாயில் புற்றுநோய் இருக்கிறதா என்று இத்தகைய பெண்களிடம் சோதிக்கும் பேச்சு வரும்போதோ, 'அவர்களிடம் ஒப்புதல் பெறுவது கடினம்' என்ற தயக்கம் பிறக்கிறது. தலையீட்டுக்குத் தேவைப்படாத ஒப்புதல், பராமரிப்புக்கு மட்டும் தடையாக வந்து நிற்பது ஏன்?

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களில் 28 பேர் தீயில் இறந்தார்கள். அந்தச் சங்கிலிக்கும் 'பாதுகாப்பு' என்றே பெயர் இருந்தது. அச்சொல்லை எங்கு கேட்டாலும், யாருக்கு யாரிடமிருந்து பாதுகாப்பு என்று கேட்கும் கடமையை அந்தத் தீ நமக்குத் தந்திருக்கிறது.

*

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது? நம் ஆய்வுக்கூடங்களில் புழங்கும் வழக்கத்தைவிடச் சட்டம் முன்னே நிற்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, புனேக்கு அந்நியமானதன்று. அதன் வரைவுப் பணியில் இந்நகரின் இந்தியச் சட்டக் கழகத்தைச் சேர்ந்த மனநலச் சட்ட, கொள்கை மையம் பங்காற்றியது.

அச்சட்டத்தின் 21ஆம் பிரிவு, எல்லா நலப் பராமரிப்பிலும் மனநோயுள்ளவர் உடல்நோயுள்ளவருக்குச் சமமாக நடத்தப்பட வேண்டும் என்கிறது. ஆம்புலன்ஸ் வசதி உட்பட. 4ஆம் பிரிவு, மனநலச் சிகிச்சை குறித்த முடிவெடுக்கும் திறனைப் பற்றியது. மனநோயுள்ளவர் உட்பட ஒவ்வொருவரும், உரிய தகவலைப் புரிந்துகொள்ளவோ, முடிவின் விளைவை உணரவோ, அதைப் பேச்சாலோ சைகையாலோ வேறு வழியாலோ தெரிவிக்கவோ முடிந்தால் திறனுடையவரே. அவருக்குப் புரியும் எளிய மொழியில், தேவையானால் படங்களின் துணையோடு, தகவல் தரப்பட வேண்டும். பிறர் கண்ணுக்கு அவர் முடிவு தவறாகத் தோன்றுவது மட்டுமே திறனின்மைக்குச் சான்றாகாது. 99ஆம் பிரிவு ஆய்வைப் பற்றியது. நேர்காணல் முதல் மருந்து வரை எந்த ஆய்வுக்கும் தன்னிச்சையான, அறிந்து தரும் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் தர இயலாத, ஆனால் மறுப்பும் காட்டாதவரை ஆய்வில் சேர்க்க வேண்டுமெனில் மாநில ஆணையத்தின் அனுமதி வேண்டும். அதற்கும் கடும் நிபந்தனைகள் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, அணுகத்தக்க வடிவில் ஒப்புதல் பெறுவதுடன், பாதிக்குக் குறையாத உறுப்பினர்கள் மாற்றுத்திறனாளிகளாகவோ அவர்தம் அமைப்பினராகவோ இருக்கும் ஒரு குழுவின் முன் அனுமதியையும் கேட்கிறது.

இவ்விதிகள் எதுவும் 'விலக்கு' என்று சொல்லவில்லை. 'கேள், புரியும்படி சொல், பொறுத்திரு, பதிலை மதி' என்றே சொல்கின்றன. விலக்குவது சட்டத்துக்குக் கீழ்ப்படிதலாகாது. சட்டம் கேட்கும் உழைப்பைத் தவிர்ப்பதாகும். இச்சட்டத்தையே போதாதென்று விமர்சித்தவர்களும் உண்டு. புனேயில் பாபு அறக்கட்டளையை நிறுவிய, 2024இல் மறைந்த பார்கவி தாவர், உளசமூகக் குறைபாடுள்ளோருக்கு முழுமையான சட்டத் தகுதி வேண்டுமென்று வாழ்நாள் முழுதும் வாதிட்டார். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் நான் இங்கு கேட்பது மிகச் சிறியது.

*

எதிர்வாதங்களுள் மூன்று வலுவானவை.

ஒன்று, புரிந்துகொள்ளும் திறன். மனச்சிதைவு நோயுள்ளோர் சிலர் ஒப்புதல் தகவல்களை முதல்முறை கேட்கும்போது பிறரைவிடக் குறைவாகப் புரிந்துகொள்வது உண்மைதான். ஆனால், வில்லியம் கார்ப்பென்டர் குழுவினர் 2000இல் வெளியிட்ட சிறிய, ஆனால் முக்கியமான ஆய்வில், அதே தகவலைப் பொறுமையாக மீண்டும் விளக்கிக் கற்பித்தபோது அந்த வேறுபாடு மறைந்தது. குறை கேட்பவரிடம் மட்டும் இல்லை. சொல்லும் முறையிலும் இருக்கிறது. நம் ஒப்புதல் படிவங்களைப் படித்துப் பாருங்கள். ஆங்கிலத் தொடரமைப்பைத் தமிழ்ச் சொற்களால் நிரப்பிய, ஒரு பத்தி முழுவதும் முற்றுப்பெறாத வாக்கியங்கள். அவற்றை முனைவர் பட்ட மாணவர்களாகிய நாமே ஒரே வாசிப்பில் புரிந்துகொள்வதில்லை. அப்படியிருக்க, அதில் தோற்றவரை மட்டும் 'திறனற்றவர்' என்று குறிப்பது நியாயமா?

இரண்டு, மருந்துகளின் மோதல். மனச்சிதைவு நோய்க்கான குளோசபின் சிலருக்கு வெள்ளணுக்களைக் குறைக்கும், கீமோதெரபியும் குறைக்கும். சில மனச்சோர்வு மருந்துகள், மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிபென் உடலில் செயல்வடிவம் பெறுவதைத் தடுக்கக்கூடும். ஆகவே இவர்களைச் சேர்த்தால் முடிவுகள் குழம்பும் என்கிறார்கள். சில ஆய்வுகளுக்கு இது உண்மையாகவே பொருந்தும். ஆனால், மோதல் உண்டு என்பதே ஆய்வு செய்வதற்கான காரணமும் ஆகும். ஆய்விலிருந்து விலக்கப்பட்டவர் நோயிலிருந்து விலக்கப்படுவதில்லை. என்றேனும் ஒருநாள் அவர் ஒரு புற்றுநோய் மருத்துவரின் முன் அமரத்தான் போகிறார். அப்போது குளோசபினை நிறுத்துவதா, தொடர்வதா என்ற முடிவை அந்த மருத்துவர் போதிய சான்று இல்லாமல் எடுக்க நேரும். பின்லாந்தின் தேசியப் பதிவேடுகளைக் கொண்டு 2021இல் வெளியான ஆய்வு, புரோலாக்டின் சுரப்பை உயர்த்தும் மனநல மருந்துகளை ஐந்தாண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்ட பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடியிருப்பதைக் காட்டியது. அந்தப் பெண்களை எண்ணியதால் மட்டுமே அது தெரியவந்தது. மருந்தைத் தானாக நிறுத்த வேண்டும் என்பது இதன் பொருளன்று. மார்பகப் பரிசோதனையை இவர்களுக்கு முன்னுரிமையோடு தர வேண்டும் என்பதே பொருள்.

மூன்று, இவர்கள் தொடர்ந்து வரமாட்டார்கள், ஆய்வு பாதியில் நிற்கும் என்ற அச்சம். சென்னையில் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய மனச்சிதைவு ஆய்வு மையம் இதற்கு நம் மண்ணிலேயே ஒரு பதில். 1980களின் தொடக்கத்தில் மனச்சிதைவு முதன்முறை கண்டறியப்பட்ட 90 பேரைக் கொண்டு தொடங்கிய சென்னை நெடுங்கால ஆய்வு, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர்களைப் பின்தொடர்ந்தது. தொடர்ந்து வருவாரா என்பதை நோயாளியின் குணத்தோடு ஆய்வாளரின் விடாமுயற்சியும் தீர்மானிக்கிறது. ஜப்பானின் ஒகயாமாவில், மனச்சிதைவுடன் வாழும் 172 புறநோயாளிகளிடம் பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனைக்கான ஒரு முயற்சி நடந்தது. ஒரு பணியாளர் நேரில் அமர்ந்து விளக்கி, விண்ணப்பிக்க உதவினார், அவ்வளவே. உதவி பெற்றவர்களில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினர் பரிசோதனை செய்துகொண்டனர். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் ஏறத்தாழ 12 விழுக்காட்டினரே. புதிய கருவி எதுவும் இல்லை. ஒரு மனிதர், ஒரு நாற்காலி, கொஞ்சம் நேரம்.

*

ஆய்வுத்திட்டம் எழுதும், திருத்தும், மொழிபெயர்க்கும் நம் எல்லோராலும் உடனே செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, நிரூபிக்கும் பொறுப்பை இடம் மாற்றுவோம். மனநோயுள்ளவரை ஏன் சேர்க்கிறீர்கள் என்று நெறிமுறைக் குழு கேட்பது வழக்கம். ஏன் விலக்குகிறீர்கள் என்றும் கேட்கட்டும். 'மாதிரிப் படிவத்தில் இருந்தது' என்பது காரணமாகாது. குறிப்பிட்ட மருந்து, குறிப்பிட்ட அபாயம், குறிப்பிட்ட காலம் என்று எழுதப்பட்டால் மட்டும் அவ்வரி நிற்கட்டும்.

இரண்டாவது, விலக்கப்பட்டவர்களை எண்ணுவோம். எத்தனை பேர் எந்தக் காரணத்தால் சேர்க்கப்படவில்லை என்ற கணக்கில் மனநோய்க்குத் தனி வரி இருக்கட்டும். பெயர் வேண்டாம்; எண்ணிக்கை போதும்.

மூன்றாவது, ஒப்புதலை ஓர் உரையாடலாக நடத்துவோம். ஒரே நாளில் கையெழுத்து வாங்குவதற்குப் பதில், இரண்டு மூன்று அமர்வுகள். கேட்டதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லச் சொல்லுதல். மனநிலை ஏறி இறங்கும் நோயில், தெளிவான நாளைத் தேர்ந்தெடுத்துப் பேசுதல். விலகும் உரிமையை ஒவ்வொரு முறையும் நினைவூட்டுதல். தாய்மொழி வேறாக இருந்தால் அம்மொழி பேசுபவரைத் தேடுதல். உடலைப் பற்றிய பேச்சில் பெண்ணுக்குப் பெண் துணை.

நான்காவது, நெறிமுறைக் குழுக்களில் மனநோயுடன் வாழ்ந்த அனுபவமுள்ளோர் அமரட்டும். எந்தக் கேள்வி அவமானப்படுத்தும், எந்த நேரத்தில் மருந்து தூக்கத்தைத் தரும், எந்த அறை பழைய அடைப்பை நினைவூட்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். நூல்கள் அதைச் சொல்லித் தருவதில்லை.

ஐந்தாவது மொழியியல் மாணவர்களுக்கு. மருத்துவ உரையாடல், ஒப்புதல் மொழி, வலியின் சொல்லாட்சி ஆகியவற்றில் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் செய்ய வேண்டிய வேலை மலைபோல் கிடக்கிறது. நோயுற்றோர் பேச்சை ஆராயும்போது, குலைந்த வாக்கியத்தில் 'பிறழ்வு' எங்கே என்று தேடுவதே பெரும்பாலும் நம் பழக்கம். அந்த வாக்கியம் எதைச் சொல்ல வருகிறது என்று தேடும் ஆய்வுகளும் வேண்டும். ஒரு பேச்சில் பொருள் இருக்கிறது என்று நம்பித்தான் மொழியியல் தொடங்குகிறது. அந்த நம்பிக்கையை மனநலக் கூடத்தின் வாசலில் கழற்றி வைக்க வேண்டியதில்லை.

இவை எல்லாம் செலவைக் கூட்டும் என்பது உண்மை. கூடுதல் அமர்வுக்கு ஆள் வேண்டும், நிதி வேண்டும், ஆய்வு மெல்ல நகரும். நிதி தரும் அமைப்புகளிடம் இந்தச் செலவையும் வெளிப்படையாகக் கேட்போம். மெல்ல நகரும் ஆய்வின் விலையைக் கணக்கிடும்போது, யாரையும் கேட்காமல் வேகமாக முடிந்த ஆய்வின் விலையையும் அதே தாளில் எழுதுவோம். நான்காம் நிலையில் கண்டறியப்பட்ட புற்றுநோய்கள் அந்தக் கணக்கில் வர வேண்டியவை.

இதைப் படிப்பவர்களுள் ஆய்வுத்திட்டம் எழுதிக்கொண்டிருப்பவர்கள் இருப்பீர்கள். உங்கள் விலக்கல் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். அந்த வரி இருந்தால், அதற்கு உங்கள் ஆய்வில் காரணம் உண்டா என்று எழுதிப் பாருங்கள். காரணம் இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், விவாதிப்போம். இல்லையென்றால் நீக்கிவிடுங்கள், அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.